கறுப்பு வெள்ளை அச்சில் டோன் தப்பாமல் வர ப்ரொஃபைல் போடும் முறை

திரையில், படத்தில் இருப்பவர் போட்ட கறுப்புக் கோட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. அச்சில் அதே கோட்டு தார் பூசியதுபோல் ஒரே கட்டியாக வருகிறது. அல்லது மடிப்பெல்லாம் ஒழுங்காக வந்திருக்கும், ஆனால் சாம்பல் முழுக்க லேசான பச்சை ஓடும். கறுப்பு வெள்ளை அச்சில் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். முதலாவது டோன் கோளாறு, அதாவது வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை உள்ள படிகள் பிசகுவது. இரண்டாவது சாயல் கோளாறு, சாம்பலில் நிறம் ஓடுவது. இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடினால் தாளும் மையும்தான் தீரும்.

ப்ரொஃபைல், அதாவது பிரிண்டர் இந்தத் தாளில் எப்படி அச்சிடுகிறது என்று அளந்து எழுதிய கோப்பு, இரண்டையும் சரிசெய்யும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அளப்பதற்காக அச்சிட்ட சோதனைப் பட்டை (வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் கட்டங்கள்) எந்த வழியாகப் பிரிண்டருக்குப் போனதோ, அதே வழியாகத்தான் படமும் போகவேண்டும். அதே தாள், அதே மீடியா டைப் (பிரிண்டருக்குச் சொல்லும் தாள் வகை), அதே ட்ரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அமைப்பு, அச்சிட அனுப்பும் அதே மென்பொருள். “ப்ரொஃபைல் போட்டும் பலனில்லை” என்கிற இடத்தில் பெரும்பாலும் இந்த வழிதான் எங்கோ பிசகியிருக்கும். கீழே வரும் எல்லாப் படிகளையும் இந்த ஒரு விதியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

தாள் எவ்வளவு கறுக்கும்?

ப்ரொஃபைல் என்பது ஒரு அளவுப் பதிவு. கோப்பில் இந்த எண் இருந்தால் இந்தத் தாளில் இந்த அளவு இருட்டு விழும் என்று அளந்து எழுதிவைத்த அட்டவணை. இருட்டை அளக்க எல் அளவு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 0 என்றால் முழு இருட்டு, 100 என்றால் முழு வெண்மை. திரை 0க்குப் பக்கத்தில் போய்விடும். தாள் போகாது.

மேட் தாளில் நல்ல கறுப்பு மை அடைகிற அதிகபட்ச அடர்த்தி (வெளிச்சத்தை எவ்வளவு விழுங்குகிறது என்ற அளவு) 1.6 முதல் 1.7 வரை. எல் கணக்கில் அது 18 முதல் 15 வரை. பரைட்டா, பளபளப்பு வகைத் தாள்களில் அடர்த்தி 2.2ஐத் தாண்டும், எல் 6க்குக் கீழே இறங்கும். தாளின் வெண்மை இரண்டிலும் 95, 96ஐ ஒட்டியே இருக்கும். ஆக, மேட் தாளில் மிக வெளிச்சத்துக்கும் மிக இருட்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 35க்கு 1, பளபளப்புத் தாளில் 140ஐ ஒட்டி வரும்.

இதைக் கோப்பின் எண்களில் வைத்துப் பார்த்தால்தான் கோட்டு ஏன் கட்டியானது என்று புரியும். மேட் தாளின் கறுப்பு எல் 18 என்று வைத்துக்கொள்வோம். எஸ்ஆர்ஜிபி என்ற பொது வண்ண வெளியில் உள்ள கோப்பில் எல் 18க்கு உரிய எண் சுமார் 44. அப்படியே எண்ணுக்கு எண் மாற்றினால் 0 முதல் 44 வரை உள்ள அத்தனை நிழலும் ஒரே கறுப்பாகத்தான் அச்சாகும். 256 படிகளில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் என்ற பெட்டியை டிக் செய்தால் கணக்கு மாறுகிறது. கோப்பின் 0 தாளின் எல் 18இல் உட்கார, கோப்பின் 20 ஏறக்குறைய எல் 21க்கும், 44 ஏறக்குறைய எல் 27க்கும் நகரும். நிழல்கள் நெருங்கி நிற்கும், ஆனால் தனித்தனியாக நிற்கும். கறுப்பு வெள்ளைக்கு இந்தப் பெட்டியைக் காலியாக விட எந்த நியாயமும் இல்லை.

கோப்பைத் தயார் செய்வது

16 பிட்டில் வேலை செய்யுங்கள். 8 பிட் கிரேஸ்கேலில் மொத்தமே 256 படிகள். டோனைத் திருத்தும் வளைவு (கர்வ்ஸ்) ஒன்றைப் போட்டு, பிறகு ப்ரொஃபைல் மாற்றமும் நடந்தால் இடையில் படிகள் காணாமல் போகும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். வண்ணக் கோப்பில் மூன்று சேனல்கள் சேர்ந்து இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். கிரேஸ்கேலில் மறைக்க ஆள் இல்லை.

அடுத்தது கிரே வெளி, அதாவது ஒவ்வொரு சாம்பல் எண்ணும் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் அமைப்பு. ஃபோட்டோஷாப்பில் கலர் செட்டிங்ஸைத் திறந்தால் கிரே என்ற வரியில் பல இடங்களில் டாட் கெய்ன் 20% என்று இருக்கும். அது ஆஃப்செட் அச்சுக்கானது. இங்க்ஜெட்டுக்கு அதைக் கிரே காமா 2.2 என்று மாற்றிவிடுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற வண்ண வெளியின் காமாவும் 2.2 என்பதால் இரண்டுக்கும் இடையே போய்வந்தாலும் எண்கள் மாறாது. இந்த வசதி பின்னால் கைகொடுக்கும்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? டாட் கெய்ன் 20% கோப்பில் உள்ள 50% சாம்பல் எஸ்ஆர்ஜிபி கணக்கில் 150ஐ ஒட்டி வரும் வெளிர்ந்த சாம்பல். அதே கோப்புக்கு அசைன் ப்ரொஃபைல் மூலம் கிரே காமா 2.2 என்று பெயர் மாட்டினால் அது 128 ஆகிவிடும். முகங்கள் எல்லாம் ஒரு சுற்று கறுத்துப்போகும். அசைன் என்பது எண்களை அப்படியே வைத்து அர்த்தத்தை மாற்றுவது. கன்வர்ட் என்பது அர்த்தத்தை வைத்துக்கொண்டு எண்களை மாற்றுவது. வந்த கோப்பில் ஏற்கெனவே ப்ரொஃபைல் இருந்தால் எப்போதும் கன்வர்ட்தான்.

முதல் வழி, ஆர்ஜிபி ப்ரொஃபைல்

தாள் தயாரிப்பாளர் தரும் ப்ரொஃபைலை வைத்து, வண்ணப்படம் அச்சிடுவதுபோலவே அச்சிடுவது. சாம்பல் கறுப்பு மையோடு சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளும் கலந்து உருவாகும். கூடவே வெளிர்சாம்பல் மைகள் உள்ள பிரிண்டர் என்றால் இது நன்றாகவே வரும். ஒரே ஒரு கறுப்பு மை உள்ள பிரிண்டரில் சாயல் நிற்பது கடினம்.

கோப்பைக் கன்வர்ட் டு ப்ரொஃபைல் மூலம் அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். பிரிண்ட் பெட்டியில் ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ் என்று வைத்து, தாளின் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ரெண்டரிங் இன்டென்ட்டுக்கு (தாளுக்கு எட்டாத டோனையும் நிறத்தையும் எப்படி மாற்றுவது என்ற தேர்வு) ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனுக்கு டிக். அதே இடத்தில் உள்ள இன்னொரு தேர்வான பெர்செப்ச்சுவல் சில ப்ரொஃபைல்களில் நிழலை இன்னும் மென்மையாகத் திறக்கும். ஆனால் அந்த அட்டவணையை ஒவ்வொரு ப்ரொஃபைல் மென்பொருளும் தன் போக்கில் செய்வதால் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிறகு ட்ரைவர் அமைப்புக்குள் போய், ப்ரொஃபைலோடு வந்த குறிப்பில் சொன்ன அதே மீடியா டைப்பையும் அதே தரத்தையும் வைத்து, வண்ணச் சரிசெய்தலை முழுவதும் அணையுங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் இரண்டு கண்ணிகள் உண்டு. மீடியா டைப் என்பது வெறும் பெயர் அல்ல. எவ்வளவு மை விழவேண்டும், மேட் கறுப்பா ஃபோட்டோ கறுப்பா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மேட் தாளில் ஃபோட்டோ கறுப்பு விழுந்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரியும். பளபளப்புத் தாளில் மேட் கறுப்பு விழுந்தால் மை ஒட்டாது, விரல் வைத்தால் கூடவே வந்துவிடும். இரண்டாவது கண்ணி, ஃபோட்டோஷாப்பும் ட்ரைவரும் ஆளுக்கொரு முறை வண்ணத்தைத் திருத்துவது. அப்படி நடந்தால் படம் முழுக்க ஒரு பக்கமாகச் சாயல் ஏறி, டோனும் கெட்டு வரும். செந்நிறமாக வருவது அதிகம்.

இந்த வழியின் பெரிய பலவீனம் வெளிச்சம் மாறினால் சாம்பலின் சாயலும் மாறுவது. ஜன்னல் ஓரம் நடுநிலையாகத் தெரிந்த அச்சு, குழல்விளக்கின் கீழ் பச்சையாகத் தெரியும். வண்ண மைகள் எவ்வளவு அதிகமாகக் கலந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இது கூடும். ப்ரொஃபைலை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மைக்கலவையைத்தான் மாற்றவேண்டும். சொந்தமாக ஆர்ஜிபி ப்ரொஃபைல் செய்வதானால் சோதனைத் தாளில் சாம்பல் கட்டங்களை அதிகம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் அச்சில் சயான் எங்கே மிஞ்சுகிறது, மெஜந்தா எங்கே குறைகிறது என்பது அந்தக் கட்டங்களில்தான் பிடிபடும்.

இரண்டாம் வழி, கறுப்பு வெள்ளை முறையும் சொந்தக் கிரே ப்ரொஃபைலும்

வேலை அதிகம், பலனும் அதிகம். எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட், கேனனில் பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ என்று ட்ரைவரிலேயே ஒரு முறை இருக்கும். இதில் பெரும்பகுதி கறுப்பும் சாம்பலுமான மைகளே விழும், சாயலைத் திருத்தத் துளி வண்ணம் மட்டும் சேரும். வெளிச்சம் மாறினாலும் சாம்பல் சாம்பலாகவே நிற்பதற்கு அதுதான் காரணம். சாயல் கோளாறை ட்ரைவர் பார்த்துக்கொள்கிறது. நமக்கு மிச்சம் டோன் மட்டும். அதற்குச் சாம்பலுக்கு மட்டுமான கிரேஸ்கேல் ஐசிசி ப்ரொஃபைல் (ஐசிசி என்பது ப்ரொஃபைல்களின் பொது வடிவம்) போதும், அதை ஒரே மாலையில் செய்துவிடலாம். குவாட்டோன்ரிப் என்ற மென்பொருளோடு வரும் ஐசிசி உருவாக்கும் சிறு கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அளவுப் பட்டியலை அதன்மேல் இழுத்துப் போட்டால் ப்ரொஃபைல் வந்துவிடும்.

முதலில் நாசில் செக், அதாவது மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு. ஒரு கோடு விடுபட்டிருந்தாலும் அளப்பதில் அர்த்தமில்லை. பிறகு ட்ரைவரில் கறுப்பு வெள்ளை முறையைத் திறந்து சாயலை, நியூட்ரல் அல்லது வார்ம், முடிவு செய்யுங்கள். டோன் என்ற இடத்தில் டார்க், டார்க்கர் போன்ற தேர்வுகள் இருக்கும். நடு டோன்களை அதிகம் அழுத்தாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அந்த அமைப்பை ஒரு பெயரில் சேமித்துவிடுங்கள். நாளைக்குச் சாயல் வட்டத்தில் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினாலும் இன்று அளந்தது செல்லாது.

சோதனைப் பட்டை 21 கட்டம், 0% (வெறும் தாள்) முதல் 100% (முழுக்கறுப்பு) வரை 5% வீதம். மேடுபள்ளமான தாளுக்கும் நிழல் முக்கியமான வேலைக்கும் 2% வீதம் 51 கட்டம் நல்லது. கோப்பு கிரே காமா 2.2இல் இருக்கட்டும். இதை எந்தத் திருத்தமும் இல்லாமல் அச்சிடவேண்டும். அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டி என்ற இலவசக் கருவி இதற்கென்றே வந்தது. கோப்பில் எந்த ப்ரொஃபைல் இருந்தாலும் கண்டுகொள்ளாமல் எண்களை அப்படியே ட்ரைவருக்கு அனுப்பும்.

அச்சை மூடாமல் காயவிடுங்கள். பிக்மென்ட் மை (நிறத் துகள்கள் கொண்டது) ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய நிலைத்துவிடும். இரவு முழுக்க விட்டால் சந்தேகமே வேண்டாம். டை மை (நிறம் கரைந்திருப்பது) என்றால் ஒரு நாள் முழுக்க. ஈரத்தில் அளந்த கறுப்பு காய்ந்த கறுப்பு அல்ல.

அளக்கும்போது அடியில் அதே தாளில் நாலைந்து வெற்றுத்தாளை வையுங்கள். இல்லாவிட்டால் மேசையின் நிறமும் அளவில் கலந்துவிடும். நிறத்தையும் இருட்டையும் அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோவில் எம்0, எம்1, எம்2 என்று அளக்கும் முறைகள் உண்டு. எம்1 புற ஊதா உள்ள டி50 என்ற பகல்போன்ற வெளிச்சத்துக்கு, எம்2 புற ஊதாவை வெட்டியது. வெண்மையூக்கி சேர்த்த தாளில் இவற்றுக்கு இடையே நீலத்தன்மையில் பெரிய வித்தியாசம் வரும், எல் அளவில் சிறிய வித்தியாசமே. கிரே ப்ரொஃபைலுக்கு எதுவானாலும் சரி, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். சொரசொரப்பான தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

இப்போது பட்டியலை மென்பொருளில் போடும் முன் கண்ணால் ஒருமுறை படியுங்கள். பலரும் தாண்டிப்போகிற படி இது. எல் அளவு 0%இல் 96இல் தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம் இறங்கிக்கொண்டே வரவேண்டும். மேட் தாளில் கடைசி நாலு வரி இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 85%க்கு 21.0, 90%க்கு 18.9, 95%க்கு 17.8, 100%க்கு 18.3. கடைசியில் எண் ஏறியிருக்கிறது. முழுக்கறுப்பு அதற்கு முந்தைய கட்டத்தைவிட வெளுத்திருக்கிறது. தாள் குடிக்க முடிகிற அளவைத் தாண்டி மை விழுந்தால் இப்படித்தான் ஆகும். இதை ப்ரொஃபைலுக்குள் போட்டால் மென்பொருள் பிழை காட்டும். காட்டாமல் ஏற்றுக்கொண்டால் இன்னும் மோசம், படத்தின் ஆழ்ந்த நிழலில் கறுப்பு தலைகீழாகத் திரும்பும். 18.3ஐக் கையால் 17.7 என்று திருத்தி ஏமாற்ற வேண்டாம். ட்ரைவரின் தாள் அமைப்பில் மை அடர்த்தியை 5% முதல் 10% வரை குறைத்தோ, மை குறைவாக விழும் வேறு மீடியா டைப்பை எடுத்தோ, பட்டையை மறுபடி அச்சிடுங்கள்.

நடுவில் பார்க்கவேண்டியது 50% கட்டம். கிரே காமா 2.2இல் அதற்கு உரிய எல் 54. மேட் தாளின் கறுப்புக்கு ஈடு செய்தபின் 56ஐ ஒட்டி வரும். அளவில் 47 என்று இருந்தால் இந்த முறை நடு டோனை அழுத்துகிறது என்று பொருள். ப்ரொஃபைல் என்ன செய்யும்? பட்டியலில் 56 எங்கே இருக்கிறது என்று தேடும். 40%க்கும் 45%க்கும் நடுவில் அது இருந்தால், 50% கேட்டபோதெல்லாம் 42%ஐ அனுப்பும். ப்ரொஃபைலின் வேலை இவ்வளவுதான், மாயமில்லை. அதனால்தான் அளவு பிசகினால் ப்ரொஃபைலும் அதே பிசகை நம்பிக்கையோடு செய்யும்.

ப்ரொஃபைல் கிடைத்ததும் படத்தை அதற்குக் கன்வர்ட் செய்யுங்கள், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனோடு. இதை எப்போதும் நகலில் செய்வது நல்லது. அச்சிடும் கருவி ஆர்ஜிபி கோப்புதான் வேண்டும் என்றால், முதலில் கிரே காமா 2.2ஐ அசைன் செய்து, பிறகு அடோபி ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்யுங்கள். முன்னே சொன்ன சம காமாவால் எண்கள் அப்படியே இருக்கும். திரையில் படம் இப்போது விகாரமாகத் தெரியும். தெரியத்தான் வேண்டும். அது கண்ணுக்கான கோப்பு அல்ல, பிரிண்டருக்கான கோப்பு. பட்டையை எந்தக் கருவியில் அச்சிட்டீர்களோ அதே கருவியில், சேமித்துவைத்த அதே அமைப்பில் அச்சிடுங்கள்.

சரிபார்க்க, ப்ரொஃபைல் வழியாகவே பட்டையை இன்னொரு முறை அச்சிட்டு அளக்கவேண்டும். எதிர்பார்த்த எல் அளவிலிருந்து 1 வரை விலகல் இருந்தால் கவலையில்லை. நிழலில் மட்டும் 2, 3 விலகினால் 51 கட்டப் பட்டைக்கு மாறுங்கள்.

லைட்ரூமில் அச்சிடுபவர்களுக்கு ஒரு இடைஞ்சல். அது கிரே ப்ரொஃபைலை ஏற்காது, ஆர்ஜிபி வகைதான் வேண்டும். குவாட்டோன்ரிப்பில் அதே அளவுகளை வைத்து ஆர்ஜிபி வடிவில் ப்ரொஃபைல் தரும் தனிக்கருவியும் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

திரையும் விளக்கும்

பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 கேண்டலாவுக்கு மேல் எரியும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். “அச்சு இருட்டாக வருகிறது” என்ற புகாரில் பாதி மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானிலேயே தீர்ந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் வியூ, ப்ரூஃப் செட்டப், கஸ்டம் போய் உங்கள் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, சிமுலேட் பேப்பர் கலரை டிக் செய்யுங்கள். டிக் செய்யும் நொடியில் திரையிலிருந்து பார்வையை எடுத்துவிடுங்கள். படம் பளிச்சென்று வெளுப்பதைக் கண்டால் மனம் அதையே பிடித்துக்கொள்ளும். மெனுக்களை மறைத்து, பத்து நொடி கழித்துப் பார்த்தால் கண் பழகியிருக்கும். இப்போது நிழல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வளைவு அடுக்கு போட்டு 20க்கும் 60க்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் கொஞ்சம் விரியுங்கள். 0ஐத் தூக்காதீர்கள். தூக்கினால் தாளிடம் இருக்கிற கொஞ்சக் கறுப்பும் பறிபோகும்.

அச்சைப் பார்க்கும் இடத்தில் 500 லக்ஸ் அளவு வெளிச்சம் இருக்கட்டும். அச்சைப் பார்க்கும் வெளிச்சத்துக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 3664 சாதாரணப் பார்வைக்குச் சொல்லும் அளவு அதுதான். அச்சுகளை நுணுக்கமாக ஒப்பிட அது 2000 லக்ஸ் கேட்கிறது. 2000இல் தெரிகிற நிழல் விவரம் மங்கலான கூடத்துச் சுவரில் தெரியாது. படம் தொங்கப்போகும் இடம் தெரிந்தால் அந்த வெளிச்சத்திலேயே பார்த்து முடிவெடுங்கள்.

பிசகும் இடங்கள்

நடு டோன் எல்லாம் ஒரே சீராகக் கறுத்திருந்தால் கிரே வெளி தப்பாக அசைன் ஆகியிருக்கும், அல்லது ப்ரொஃபைல் மாற்றமே நடக்காமல் கோப்பு போயிருக்கும். படம் வெளுத்து, கறுப்பில் பலமில்லாமல் வந்தால் ப்ரொஃபைல் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பில் ஒருமுறை கன்வர்ட் செய்துவிட்டு, பிரிண்ட் பெட்டியிலும் அதே ப்ரொஃபைலைத் தேர்ந்தால் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும். ஒரு படத்தில் சரியாக வந்து இன்னொன்றில் கெட்டால், இரண்டாவது கோப்பில் எந்த ப்ரொஃபைல் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பதியாமலும் இருக்கலாம்.

பளபளப்புத் தாளில் முழுவெள்ளைப் பகுதி சாய்த்துப் பார்த்தால் வேறு மினுமினுப்போடு தனித்துத் தெரியும். அங்கே மையே விழவில்லை என்பதுதான் காரணம். கோப்பின் 255ஐ 250க்கு இறக்கினால் மெல்லிய மைப்படலம் விழுந்து மினுமினுப்பு சமமாகும். மேட் தாளுக்கு இது தேவையில்லை.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையோ ட்ரைவரையோ புதுப்பித்த மறுநாள் எல்லாம் மாறிப்போவதும் உண்டு, மேக்கில் குறிப்பாக. மென்பொருள் வண்ணத்தைக் கவனிக்கிறது என்றால் ட்ரைவரின் கறுப்பு வெள்ளை முறை மங்கி, தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்கும். அப்போது பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ் வழியாகப் போகவேண்டி வரும். அது வேறு வழி, ஆகவே பட்டையையும் அந்த வழியில் அச்சிட்டு மறுபடி அளக்கவேண்டும்.

ப்ரொஃபைல் செய்த அன்று அச்சிட்ட பட்டையைத் தேதி, தாள், அமைப்பின் பெயர் எழுதி, வெளிச்சம் படாத உறையில் வைத்துவிடுங்கள். புதிய தாள் கட்டு பிரித்தாலோ டிரைவர் மாறினாலோ அதே பட்டையை ஒருமுறை அச்சிட்டு, காய்ந்தபின் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 85%க்குமேல் உள்ள கட்டங்களில்தான் வித்தியாசம் முதலில் தெரியும். அங்கே இரண்டும் ஒத்துப்போனால் ஸ்பெக்ட்ரோவை வெளியே எடுக்கவேண்டிய அவசியமில்லை.